பிசினஸ் ஆப்பை கிளவுடில் கட்டுவதும் வளர்ப்பதும்: அடிக்கடி என்னிடம் வரும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். முதலாளிகள் ஒரு பக்கம் கேட்பார்கள், புதிதாக வேலைக்கு வந்த டெவலப்பர்கள் இன்னொரு பக்கம் கேட்பார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன்.

கிளவுட் என்றால் பெரிய கம்பெனிகளின் சர்வர்களை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பது. நான் அதிகம் பழகியது அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ். அதனால் பெயர்கள் அதிலிருந்து வரும். மைக்ரோசாஃப்டின் அசூர், கூகுள் கிளவுட் இரண்டிலும் இதே பொருள்கள் வேறு பெயரில் இருக்கின்றன. உதாரணத்துக்கு ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தத் துணி வியாபாரம், மூன்று கிளை, ஒரே பில்லிங் ஆப்.

"ஏம்மா, கிளவுடு கிளவுடுங்கிறாங்களே, நம்ம கணக்கு நிஜமா எங்கதான் இருக்கும்?"

ஏதோ ஒரு ஊரில், ஒரு கட்டடத்தில், ஒரு டிஸ்கில்தான் இருக்கும். ஏ.டபிள்யூ.எஸ் 2016 ஜூனில் மும்பையிலும் 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் தன் மையங்களைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னை, புனே, மும்பை மூன்றிலும் வந்துவிட்டது. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும்.

இப்படி ஒரு ஊரைச் சுற்றி இருக்கும் தொகுதிக்கு ரீஜன் என்று பெயர். மும்பை ரீஜனுக்குள் மூன்று 'அவெயிலபிலிட்டி ஸோன்' உண்டு. மின்சாரம், குளிரூட்டல், நெட்வொர்க் எல்லாம் தனித்தனியாக, ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது ஓடும் அளவு இடைவெளி விட்டு அமைத்தவை. இந்த மூன்று ஸோன் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

"கடையிலேயே ஒரு சர்வர் இருக்கு, நல்லாத்தான் ஓடுது. எதுக்கு மாத்தணும்?"

ஒரே கடை, நான்கு கம்ப்யூட்டர், யூபிஎஸ் நன்றாக இருக்கிறது என்றால் மாற்ற வேண்டியதில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன். பேக்கப்பை மட்டும் தினமும் வெளியே அனுப்புங்கள். அதே மேஜையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பேக்கப் ஆகாது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருந்தால், இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022-இல் கம்பெனிகள் கணக்கு விதிகளைத் திருத்தினார்கள்.

இரண்டாவது கிளை வரும்போதுதான் நிலைமை மாறும். ஆடிட்டர் அவர் ஆபீசிலிருந்தே பார்க்க வேண்டும், விற்பனைப் பிரதிநிதி மதுரையில் நின்று ஸ்டாக் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டால், கடைச் சர்வரை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவதைவிட கிளவுடுக்குப் போவது பாதுகாப்பானது.

"அக்கா, அமெரிக்கா ரீஜன்ல விலை கம்மியா காட்டுது. அதையே எடுத்துக்கலாமா?"

வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கோயம்புத்தூரிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,000 கி.மீ. போய்த் திரும்ப குறைந்தது 10 மில்லி செகண்ட். வர்ஜீனியா 13,000 கி.மீ.க்கும் மேல். கணக்குப்படியே 130 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், நடைமுறையில் 200-ஐத் தாண்டும். ஒரு திரை திறக்க ஆப் பத்து முறை சர்வரிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் இரண்டு வினாடி அதிலேயே போய்விடும். கவுண்டரில் ஆள் நிற்கும்போது இரண்டு வினாடி ரொம்ப நீளம்.

புது அக்கவுண்டில் எந்த ரீஜன் தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கவனிக்காமல் வேறு நாட்டில் டேட்டாபேஸ் உருவாக்கி, ஆறு மாதம் கழித்து இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

"முதல் நாளே என்னென்ன வாங்கணும்?"

மூன்றே பொருள். ஆப் ஓடுவதற்கு ஒரு சர்வர், ஏ.டபிள்யூ.எஸ்ஸில் ஈசி2. டேட்டாபேஸுக்கு ஆர்.டி.எஸ் (ஏ.டபிள்யூ.எஸ்ஸே பராமரித்துத் தரும் டேட்டாபேஸ் சேவை), அதில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். படம், பிடிஎஃப் வைக்க எஸ்3 என்ற கோப்புக் கிடங்கு. டேட்டாபேஸை ஆப் ஓடும் சர்வரிலேயே போட்டால் மாதம் கொஞ்சம் மிச்சமாகும். ஆனாலும் தனியாகவே வையுங்கள்.

காரணம் இதுதான். எந்த ஆப்பைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இந்தச் சர்வர் இந்த நிமிடமே செத்துப்போனால் எதை இழப்போம்? "எதையும் இழக்க மாட்டோம், இன்னொன்றைக் கிளப்பினால் போதும்" என்ற பதில் வர வேண்டும். பில்கள் டேட்டாபேஸில், கோப்புகள் எஸ்3-இல், யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்ற விவரம் டேட்டாபேஸிலோ, ரெடிஸ் என்ற வேகமான நினைவகச் சேமிப்பிலோ இருக்கட்டும். சர்வரின் சொந்த டிஸ்கில் தொலைந்தால் அழ வேண்டிய பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆப்பை வளர்ப்பது பற்றிக் கீழே நான் சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு ஒழுக்கத்திலிருந்துதான் வருகிறது.

அப்புறம், அக்கவுண்ட் திறந்த அன்றே ரூட் லாகினுக்கு (எல்லா அதிகாரமும் உள்ள முதல் லாகின்) இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டுவிட்டு, அன்றாட வேலைக்கு வேறு லாகின் வைத்துக்கொள்ளுங்கள்.

"மைக்ரோசர்வீஸ், குபர்னெட்டீஸ் எல்லாம் இல்லாம வளர முடியுமா?"

முடியும். ஆப்பைச் சின்னச் சின்ன தனி நிரல்களாகப் பிரிப்பது மைக்ரோசர்வீஸ், அப்படிப் பிரித்தவற்றைப் பல மெஷினில் ஓட்டி மேய்ப்பது குபர்னெட்டீஸ். ஆன்லைன் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை இன்றுவரை தன் முக்கிய ஆப்பை ஒரே பெரிய நிரலாகத்தான் (ரெயில்ஸ் என்ற கட்டமைப்பில் எழுதியது) வைத்திருக்கிறது. உள்ளே மட்டும் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். நூறு பேர் ஒரே நிரலில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள் என்றால் பிரிக்கலாம். இரண்டு டெவலப்பர் இருக்கும் இடத்தில் எட்டு சர்வீஸ் என்றால், பிரச்சினை வரும்போது எந்த சர்வீஸில் என்று தேடவே நாள் போய்விடும்.

"சர்வர்லெஸ் போனா சர்வர் கவலையே இல்லைன்னு சொல்றாங்களே?"

ஏ.டபிள்யூ.எஸ்ஸின் லாம்ப்டாவைச் சொல்கிறார்கள். 2014-இல் வந்தது. நிரலை மட்டும் கொடுத்தால் போதும், அழைப்பு வரும்போது ஓடும், ஓடிய நேரத்துக்குக் காசு. எப்போதாவது வரும் வேலைக்கு அருமையான பொருள். எஸ்3-இல் படம் ஏறியதும் அதைச் சிறிதாக்குவது, இரவு 11 மணிக்கு அன்றைய விற்பனையை முதலாளிக்கு மெயில் அனுப்புவது, இதெல்லாம் அதற்கென்றே அமைந்த வேலைகள்.

ஆனால் ஓர் அழைப்பு அதிகபட்சம் 15 நிமிடம்தான் ஓடும். இன்னொரு சிக்கல் டேட்டாபேஸ். 500 அழைப்பு ஒரே நேரத்தில் வந்தால் 500 லாம்ப்டா கிளம்பி, ஒவ்வொன்றும் போஸ்ட்கிரஸிடம் ஒரு இணைப்பு கேட்கும். போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் திறப்பது. சின்ன ஆர்.டி.எஸ் அதில் மூச்சுத் திணறிவிடும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரோ ஆர்.டி.எஸ் பிராக்ஸியோ வைத்தால் சமாளிக்கலாம். நாள் முழுக்க பத்து மணி நேரம் ஓடும் பில்லிங் ஆப்புக்கு நான் சாதாரண சர்வரையே எடுப்பேன்.

"காலைல பறக்குது, மதியம் ஆனா படுத்துடுது. கோடு ஒண்ணுமே மாத்தலையே?"

சர்வர் வகையின் பெயர் 'டி' என்று ஆரம்பிக்கிறதா பாருங்கள். டி2, டி3 வகைகளுக்கு முழு சிபியு எல்லா நேரமும் கிடைக்காது. டி3 மைக்ரோவுக்கு அடிப்படை அளவு ஒவ்வொரு கோருக்கும் 10 சதவீதம்தான். சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் சேரும், வேலை வரும்போது அதைச் செலவழித்து முழு வேகத்தில் ஓடும். இரவெல்லாம் சேர்ந்த கிரெடிட் மதியத்துக்குள் தீர்ந்தால் டி2 அப்படியே மந்தமாகிவிடும். டி3 வழக்கமாக மந்தமாகாது. அதற்குப் பதில் கூடுதல் காசு பில்லில் ஏறும்.

டிஸ்கிலும் இதே கதை உண்டு. 'ஜிபி2' என்ற பழைய டிஸ்க் வகை, அளவில் ஒவ்வொரு ஜிபிக்கும் வினாடிக்கு 3 செயல்பாடு (படிப்பதோ எழுதுவதோ) என்ற கணக்கில் வேகம் தரும், குறைந்தது வினாடிக்கு 100. அதாவது 20 ஜிபி டிஸ்க் எடுத்தவருக்கு நிலையான வேகம் 100 செயல்பாடுகள் மட்டுமே, மிச்சமெல்லாம் கிரெடிட். 2020 கடைசியில் வந்த ஜிபி3-இல் அளவு எதுவானாலும் 3,000 கிடைக்கும். இன்னும் ஜிபி2-இல் இருப்பவர்கள் முதலில் இதை மாற்றுங்கள், ஆப்பை நிறுத்தாமலேயே செய்யலாம்.

"ஆப் ஸ்லோவா இருக்கு. பெரிய சர்வரா போட்டுட்டா சரியாயிடும்ல?"

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பாதி நேரம் சரியாகாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று அளக்க வேண்டும். சர்வரின் சிபியு, டேட்டாபேஸின் சிபியு, டேட்டாபேஸ் டிஸ்க் மூன்றின் வரைபடமும் ஏ.டபிள்யூ.எஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில் இருக்கும். போஸ்ட்கிரஸில் எந்தக் கேள்வி மொத்தமாக அதிக நேரம் தின்கிறது என்று pg_stat_statements என்ற எக்ஸ்டென்ஷன் காட்டிக் கொடுக்கும், ஆர்.டி.எஸ்ஸில் அதையே கிளவுட்வாட்ச்சின் 'டேட்டாபேஸ் இன்சைட்ஸ்' திரையில் பார்க்கலாம். நான் பார்த்த கடைகளில் முக்கால்வாசி இடத்தில் பட்டியலின் உச்சியில் ஒரே ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. ஒரு கடையில் வாடிக்கையாளர் போன் நம்பரை வைத்துத் தேடும் இடத்தில் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் அகராதிப் பட்டியல் போன்றது) இல்லை. ஐயாயிரம் வாடிக்கையாளர் இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. நான்கு லட்சம் ஆனபோது ஒவ்வொரு பில்லுக்கும் நான்கு லட்சம் வரியையும் படித்துக்கொண்டிருந்தது. சர்வரை இரண்டு முறை பெரிதாக்கிய பிறகுதான் என்னிடம் வந்தார்கள். ஒரு வரி இண்டெக்ஸ் போட்டதும் பழைய சின்ன சர்வரே போதுமானதாக இருந்தது. இன்னொரு வழக்கமான தவறு, ஐம்பது பில்லைப் பட்டியலிட ஐம்பத்தொரு முறை டேட்டாபேஸிடம் போவது. பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு பில்லின் வாடிக்கையாளர் பெயருக்கும் ஒன்று. டேட்டாபேஸ் கேள்விகளைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் பயன்படுத்தும் நிரலில் இது கண்ணுக்கே தெரியாது.

அளந்த பிறகு, உண்மையாகவே சிபியு நிறைந்துதான் ஓடுகிறது என்றால் பெரிதாக்குங்கள். ஆனால் 100 சதவீதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். வரிசையில் நிற்கும் நேரம் நேர்க்கோட்டில் ஏறாது. ஒரே கவுண்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள் என்ற எளிய கணக்கில், சர்வர் பாதி வேலையில் இருக்கும்போது ஒரு கோரிக்கை முடிய ஆகும் நேரம் வெறும் சர்வரில் (வேறு வேலை இல்லாதபோது) ஆவதைப் போல 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு, 90-இல் 10 மடங்கு. "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று விழுந்துவிட்டது" என்று சொல்வதெல்லாம் இந்த வளைவில் ஏறியதுதான். சராசரி 60-ஐத் தாண்டும்போதே நான் யோசிக்க ஆரம்பிப்பேன்.

"ஒரே பெரிய மெஷினா, நாலு சின்ன மெஷினா? எது நல்லது?"

டேட்டாபேஸுக்குப் பெரிய மெஷின், ஆப்புக்குச் சின்ன மெஷின்கள் பல. டேட்டாபேஸைப் பல மெஷினில் பிரிப்பது கஷ்டமான வேலை, கடைசிவரை தள்ளிப் போடலாம். ஆப் அப்படி இல்லை. 'முதல் நாளே என்னென்ன வாங்கணும்' பதிலில் சொன்ன ஒழுக்கம் இருந்தால் இரண்டு மெஷினை இரண்டு ஸோனில் வைத்து, முன்னால், வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பிரித்துத் தரும் ஒரு லோடு பேலன்சர் வைத்துவிடலாம். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். பகலிலேயே புது வெர்ஷனையும் ஏற்றலாம், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவதால் கவுண்டரில் யாருக்கும் தெரியாது.

அந்த ஒழுக்கம் இல்லாமல் இரண்டாவது மெஷினைச் சேர்த்தால் என்ன ஆகும்? லாகின் செய்தவர் அடுத்த கிளிக்கில் வெளியே வந்துவிடுவார், ஏற்றிய படம் ஒரு முறை தெரியும் ஒரு முறை தெரியாது.

"ஆட்டோ ஸ்கேலிங் போட்டும் தீபாவளி ஆஃபர் அன்னிக்கு விழுந்துடுச்சே, ஏன்?"

கூட்டம் பத்து மணிக்கு வந்தது, மெஷின் பத்தே காலுக்கு வந்தது. அதுதான் பெரும்பாலும் காரணம். கூட்டத்துக்கு ஏற்ப மெஷின்களைத் தானே கூட்டிக் குறைப்பதுதான் ஆட்டோ ஸ்கேலிங். அது முதலில் சிபியு ஏறியதைப் பார்க்க வேண்டும், சில நிமிடம் அப்படியே இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும், புது மெஷின் கிளம்பி ஆப் எழுந்து லோடு பேலன்சர் அதை நம்ப வேண்டும். ஐந்து நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் கூட்டத்துக்கு இது சரி. தட்கல் போல மணி அடித்ததும் மொத்தமாக வரும் கூட்டத்துக்கு உதவாது. ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி என்று ரயில்வே நேரம் குறித்திருப்பது போல, உங்கள் ஆஃபர் நேரமும் உங்களுக்கு முன்பே தெரியும். அதனால் 9:30-க்கே மெஷின்களை ஏற்றி வைக்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். அதற்கு 'ஷெட்யூல்டு ஸ்கேலிங்' என்றே வசதி இருக்கிறது. ஜிஎஸ்டி தாக்கல் மென்பொருள் நடத்துகிறவர்களுக்கு மாதத்தின் 11-ம் 20-ம் இதே போன்ற நாட்கள்.

இரண்டாவது காரணம், ஆப் மெஷின் இரண்டிலிருந்து பத்தாகும், டேட்டாபேஸ் ஒன்றாகவே இருக்கும். பத்து மெஷினும் ஆளுக்கு 30 இணைப்பு திறந்தால் 300. சர்வர்லெஸ் கேள்வியில் சொன்ன அதே திணறல்தான். ஆட்டோ ஸ்கேலிங்கில் அதிகபட்ச எண்ணிக்கையை முடிவு செய்யும்போது, அத்தனையும் கிளம்பினால் டேட்டாபேஸ் தாங்குமா என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆஃபருக்கு இரண்டு வாரம் முன்பு, இரவில், போலிக் கூட்டத்தை அனுப்பி ஒரு முறை சோதித்துவிடுங்கள். கே6, லோகஸ்ட் இரண்டுமே இலவசம்.

"வருஷ ரிப்போர்ட் எடுத்தா சரியா ஒரு நிமிஷத்துல 504 வருது. சர்வர்ல ஒரு எரரும் இல்ல."

504 என்றால் நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று பொருள். சரியாக ஒரு நிமிடம் என்பதே துப்பு. ஏ.டபிள்யூ.எஸ் லோடு பேலன்சர், பதில் எதுவும் வராமல் 60 வினாடி ஆனால் இணைப்பை வெட்டிவிடும். அது இயல்பாக வரும் அளவு. கூட்டலாம், ஆனால் கூட்டுவது தீர்வில்லை. மூன்று பேர் ஒரே நேரத்தில் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டால் பில் போடுகிறவர்கள் காத்து நிற்பார்கள்.

பொத்தானை அழுத்தியதும் "தயார் செய்கிறோம்" என்று உடனே பதில் கொடுத்துவிடுங்கள். வேலையை ஏ.டபிள்யூ.எஸ்ஸின் எஸ்.க்யூ.எஸ் போன்ற ஒரு க்யூவில் (வேலைகள் வரிசையில் நிற்கும் இடம்) போடுங்கள். பின்னால் இருக்கும் தனி மெஷின் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து, கோப்பை எஸ்3-இல் வைத்து, லிங்க் அனுப்பட்டும். ரிப்போர்ட்டுக்குப் படிக்கும் டேட்டாவையும் ரீட் ரெப்ளிகாவிலிருந்து (படிக்க மட்டும் வைக்கும் டேட்டாபேஸ் நகல்) எடுக்கலாம். அது சற்றே பின்தங்கி இருக்கும். போன வருட ரிப்போர்ட்டுக்கு அதனால் பாதகமில்லை, இந்த நிமிட ஸ்டாக் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

"க்யூ போட்டதுக்கு அப்புறம் ஒரே பில்லுக்கு ரெண்டு எஸ்எம்எஸ் போகுது அக்கா."

எஸ்.க்யூ.எஸ்ஸின் சாதாரண க்யூ "குறைந்தது ஒரு முறை தருவேன்" என்றுதான் சொல்கிறது. "ஒரே ஒரு முறை" என்று சொல்லவில்லை. வேலையை ஒருவர் எடுத்ததும் அது மற்றவர்கள் கண்ணிலிருந்து 30 வினாடி மறைந்திருக்கும். அதற்குள் முடித்து நீக்காவிட்டால் திரும்பத் தெரியும், இன்னொருவர் எடுப்பார். உங்கள் எஸ்எம்எஸ் சேவை 40 வினாடி எடுத்தால் இரண்டு போகும். மறைந்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, செய்யும் முன் "இந்த எண் முடிந்துவிட்டதா" என்று டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாட்டோடு (ஒரே எண் இரண்டு முறை பதிவாகாமல் தடுப்பது) சரிபார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் இரண்டு போனால் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். பணம் இரண்டு முறை எடுத்தால் விடமாட்டார்கள்.

"ரெண்டு சர்வர் ஆனதும் பில் நம்பர்ல இடைவெளி விழுது. ஆடிட்டர் திட்டுறார்."

அவர் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தடுத்த எண்ணைத் தரும் போஸ்ட்கிரஸின் சீக்வென்ஸை அதற்குப் பயன்படுத்தியிருப்பீர்கள். சீக்வென்ஸ் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்காது. பில் சேமிக்கும்போது ஏதாவது தவறி ரோல்பேக் ஆனால் (செய்ததெல்லாம் பின்வாங்கப்பட்டால்) அந்த எண் போனது போனதுதான். வேகத்துக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

சரியான வழி, 'கடைசி எண்' என்று ஒரு வரி வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத வேலைத் தொகுதி) அந்த வரியைப் பூட்டி, ஒன்று கூட்டி, எடுப்பது. ரோல்பேக் ஆனால் எண்ணும் பின்வாங்கும். ஒரு நேரத்தில் ஒரு பில்தான் எண் வாங்க முடியும் என்பது இதன் விலை. அதனால் பூட்டிய பிறகு எஸ்எம்எஸ் அனுப்புவது, பிடிஎஃப் செய்வது போன்ற வேலை எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

இங்கே சட்டமே நமக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. கிளைக்கு ஒரு முன்னொட்டு, ஒரு தனி எண் வரிசை என்று வைத்தால் மூன்று கிளையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டாம். பத்து கிளை ஆனாலும் இதே அமைப்பு தாங்கும்.

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி காலைல போட்ட பில் மார்ச் 31-ல விழுந்திருக்கு."

சர்வர் நேரம் யூ.டி.சி என்ற உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் மார்ச் 31, அதாவது போன நிதியாண்டு. சர்வர் நேரத்தை மாற்றாதீர்கள். சேமிப்பது யூ.டி.சி-யில் இருக்கட்டும், பில் தேதியை மட்டும் இந்திய நேரத்தில் கணக்கிட்டுத் தனிப் பத்தியில் வையுங்கள்.

"டேட்டாபேஸ் மல்டி ஏஇசட் போட்டாச்சு. இனிமே பேக்கப் எதுக்கு?"

மல்டி ஏஇசட் என்பது இன்னொரு ஸோனில் ஒரு ஜோடி டேட்டாபேஸ். முதலாவது விழுந்தால் வழக்கமாக ஓரிரு நிமிடத்தில் இரண்டாவது பொறுப்பேற்கும். மெஷின் சாவதற்கு இது மருந்து. மனிதன் செய்யும் தவறுக்கு இல்லை. யாராவது வாடிக்கையாளர் அட்டவணையை அழித்தால் அதே நொடியில் ஜோடியிலும் அழியும்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், பழுதான ரெப்ளிகாவைச் சரி செய்யும் அவசரத்தில், தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட அன்று எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகலிலிருந்து மீண்டார்கள். அந்த ஆறு மணி நேர மாற்றங்கள் போய்விட்டன. அதை ஒளிக்காமல் உலகத்துக்கே எழுதிச் சொன்னார்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆர்.டி.எஸ் தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் எந்த நிமிடத்துக்கும் திரும்பலாம். டேட்டாபேஸை நீக்கும்போது அதன் தானியங்கி பேக்கப்பும், வைத்திரு என்று சொல்லாவிட்டால், சேர்ந்து போய்விடும். அதனால் வேறு ஒரு ஏ.டபிள்யூ.எஸ் அக்கவுண்டில், வேறு ஆள் கையில், இன்னொரு நகல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து புது டேட்டாபேஸ் எழுப்பி, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள். முதலாளி கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

"அமேசானே விழுந்துட்டா என்ன பண்றது?"

விழுந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று ஒரு ஊழியர் கட்டளையில் தவறான எண்ணைக் கொடுத்ததால் வர்ஜீனியாவில் எஸ்3 சில மணி நேரம் நின்றது. 2025 அக்டோபர் 20 அன்று அதே வர்ஜீனியாவில் டைனமோடிபி என்ற ஏ.டபிள்யூ.எஸ் டேட்டாபேஸின் டி.என்.எஸ் பதிவு (பெயரை முகவரியாக மாற்றும் பதிவு) காலியாகி, உலகம் முழுக்கப் பல ஆப்கள் நின்றன. ஆண்டுக்கு 99.9 சதவீதம் என்றால் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம்.

மூன்று கிளை உள்ள கடைக்கு இரண்டு கிளவுடில் ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன். செலவும் சிக்கலும் இரட்டிப்பாகும், அந்தச் சிக்கலாலேயே அடிக்கடி நிற்கும். இரண்டு ஸோனில் ஓட்டுங்கள், பேக்கப் நகலை ஹைதராபாத் ரீஜனில் வையுங்கள். கவுண்டரில் அச்சடித்த பில் புத்தகம் ஒன்று இருக்கட்டும், அதற்கென்று தனி எண் வரிசையோடு. மேலே பில் எண் பதிலில் சொன்ன பல வரிசை வசதி இங்கேயும் கை கொடுக்கும். இன்டர்நெட் போன அன்றும் அதே புத்தகம் உதவும்.

"எதுவுமே புதுசா வாங்கல, பில் மட்டும் ரெண்டு மடங்கு. எங்க போய் பாக்குறது?"

ஏ.டபிள்யூ.எஸ்ஸின் செலவுத் திரையான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் சர்வீஸ் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நான் அடிக்கடி கண்டுபிடிப்பவை இவை: நிறுத்தி வைத்த ஆர்.டி.எஸ் ஏழு நாள் கழித்துத் தானே ஓட ஆரம்பித்திருக்கும். நிறுத்திய சர்வரின் டிஸ்குக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (மெஷினின் இன்டர்நெட் எண்) மணிக்கு அரை சென்ட், மாதம் மூன்றரை டாலருக்கு மேல். ஒரு டெவலப்பர் டீபக் லாக்கை அணைக்க மறந்து கிளவுட்வாட்ச்சில் கொட்டிக்கொண்டிருப்பார். எஸ்3-க்குப் போகும் போக்குவரத்து, எண்ட்பாயிண்ட் என்ற இலவச உள்வழி இருக்கும்போது, நேட் கேட்வே என்ற வெளிவாசல் வழியாகக் காசு கொடுத்துப் போகும்.

பட்ஜெட் எச்சரிக்கை போடுங்கள், ஆனால் எச்சரிக்கை மெயில் மட்டும்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. ஆறு மாதம் ஓடி, தேவை எவ்வளவு என்று தெரிந்த பிறகு ஒரு வருட சேவிங்ஸ் பிளான் (இவ்வளவு பயன்படுத்துவேன் என்று உறுதி தந்து தள்ளுபடி வாங்குவது) எடுக்கலாம். முதல் மாதமே எடுத்தால் தவறான அளவுக்கு ஒரு வருடம் கட்டுப்பட்டுவிடுவீர்கள். இன்னொன்று, பில்லில் வரும் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க உங்கள் ஜிஎஸ்டி எண் அக்கவுண்டில் பதிவாகியிருக்க வேண்டும். பலர் அதை ஏற்றவே இல்லை.

"ஒரு பையன் தெரியாம ஆக்சஸ் கீயை கிட்ஹப்ல போட்டுட்டான். உடனே அழிச்சிட்டோம், பரவாயில்லல்ல?"

ஆக்சஸ் கீ என்பது நிரல் உங்கள் அக்கவுண்டுக்குள் நுழையும் பாஸ்வேர்டு போன்றது, கிட்ஹப் நிரல்களைப் பகிரும் தளம். கிட்ஹப்பில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். பொதுவில் விழும் கீயைத் தேடுவதற்கென்றே ரோபோக்கள் ஓடுகின்றன, நிமிடங்களில் எடுத்துவிடும். கீயையே செயலிழக்கச் செய்யுங்கள், பிறகு அக்கவுண்டில் நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் கிளவுட்ரெயிலில் அந்தக் கீ என்னென்ன செய்தது என்று எல்லா ரீஜனிலும் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தாத ரீஜனில்தான் திருட்டு மெஷின்கள் ஓடும். யாரோ நுழைந்தது உறுதியானால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு அது. சர்வருக்குள் கீயே வைக்காமல் ரோல் (ஏ.டபிள்யூ.எஸ் சர்வருக்கே நேரடியாகத் தரும் அனுமதி) கொடுத்துவிட்டால் இந்த வாசல் மூடிவிடும். அந்தப் பையனைத் திட்டாதீர்கள். அடுத்த முறை தவறு நடந்தால் உடனே வந்து சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்க வேண்டும்.

"நாளைக்கு வேற இடத்துக்கு மாறணும்னா முடியுமா, இல்ல மாட்டிக்கிட்டோமா?"

எதில் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டேட்டா போஸ்ட்கிரஸில் இருந்தால் எங்கும் போகும். எஸ்3 போன்ற சேமிப்பு எல்லாரிடமும் இருக்கிறது. க்யூ மாற்ற ஒரு வாரம் ஆகலாம். டைனமோடிபியைச் சுற்றி முழு ஆப்பும் எழுதியிருந்தால் மாதக்கணக்கில் வேலை. வெளியே எடுக்கும் டேட்டாவுக்கு மாதம் முதல் 100 ஜிபி வரை கட்டணமில்லை, அதற்குமேல் உண்டு. மொத்தமாகக் காலி செய்து போகிறவர்கள் கேட்டால் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024 மார்ச்சில் ஏ.டபிள்யூ.எஸ் அறிவித்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பைச் சோதிக்கச் சொன்னேன் அல்லவா? அதில் ஒரு முறையை உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே செய்து பாருங்கள். டேட்டாவை இறக்கி, ஆப்பை அங்கே ஓட்டி, ஒரு பில் போடுங்கள். எங்கெல்லாம் தடுக்கிறதோ அதைக் குறித்து வைத்துக்கொண்டால் மாறுவதற்கு என்ன வேலை ஆகும் என்ற பட்டியல் கையில் வந்துவிடும்.